நான் எழுந்து நின்ற பக்கம்

அந்த உத்தரவு வந்த அன்று நான் களத்தில் உட்கார்ந்து நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தேன். சித்தூர்க் கச்சேரியிலிருந்து ஒரு சேவகர் வந்து என் பெயரைச் சொல்லி, என் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று நின்றார். பெண்பிள்ளை பெயருக்குக் கச்சேரிக் காகிதம் வந்தால் அது வழக்காகத்தான் இருக்கும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் கணவர் மாட்டைக் கட்டிப்போட்டு வந்து காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, யாரு மேல என்ன எழுதிப்போட்ட?"

"நான் ஆரு மேலயும் எழுதலீங்க."

காகிதம் பாதி இங்கிலீஷ், பாதி மலையாளம். எனக்குத் தமிழ் நன்றாக வரும். என் தகப்பனார் பொள்ளாச்சியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். இங்கிலீஷில் எழுத்துக் கூட்டுவேன். மலையாளம் பேசினால் முக்கால்வாசி விளங்கும், எழுத்து விளங்காது. எங்கள் ஊர் மீனாட்சிபுரத்துக்குப் பக்கம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கொச்சி சமஸ்தானம், அந்தப் பக்கம் கோயம்புத்தூர் ஜில்லா. பேச்சு இரண்டு பக்கமும் ஒன்று. கச்சேரிக்குப் போனால் மட்டும் எங்களுக்கு வேறு பாஷை.

மறுநாள் வண்டி கட்டிக்கொண்டு சித்தூருக்குப் போனோம். அங்கே அக்கிரகாரத்தில் ஒரு வக்கீல் இருந்தார். எங்கள் கிணற்று வழக்கை நடத்தியவர். சமஸ்தானத்துச் சட்டசபைக்கு அந்த வருஷம்தான் ஓட்டில் ஜெயித்திருந்தார். காகிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சட்டசபைக்கு உங்களை மெம்பரா நியமிச்சிருக்கா. என்னோட கூட ஒக்காரப் போறேள்."

"எதுக்குங்க?" என்றேன்.

"அது எனக்கும் மனசிலாகலை, கேட்டேளா."

பிறகு அவரே யோசித்து ஒரு காரணம் சொன்னார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், எங்கள் பக்கத்தில் ஒரே மழைக்காலத்தில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனார்கள். நான் ஒரு மனு எழுதி, நாற்பது பெண்களிடம் கைரேகை வாங்கி, எல்லைப் பக்கத்துக்கு ஒரு மருத்துவச்சி வேண்டும் என்று திவான் கச்சேரிக்கு அனுப்பியிருந்தேன். பதில் வரவில்லை. அதை நான் மறந்துகூடப் போயிருந்தேன். சட்டசபைக்கு ஒரு ஸ்திரீயை எடுக்க வேண்டும், கிழக்கே தமிழ் பேசுகிறவர்களிலும் ஓர் ஆள் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆளாக என்னைப் பிடித்திருப்பார்கள் என்றார் வக்கீல். அதுதான் காரணமா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது. யாரும் என்னிடம் சொன்னதில்லை.

என் கணவர் வீடு வந்து சேர்ந்து மாட்டை அவிழ்த்த பிறகு, "போயிட்டுத்தான் வாயேன். கவருமெண்டு கூப்புடறப்ப போகாம இருந்தா, அதுக்கு என்ன கேசு போடுவாங்களோ" என்றார். அப்படித்தான் நான் அரசியலுக்குப் போனேன்.

பாலக்காடு வரை வண்டி, அங்கிருந்து ரயில், ஷொர்ணூரில் மாறி எர்ணாகுளம். முதல் நாள் சத்தியப் பிரமாணம். ஒரு குமாஸ்தா மலையாளத்தில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். கடைசியில் அவர் ஒரு புத்தகத்தைத் தள்ளி, "இனி இவிடெ ஒப்பிடணம்" என்றார். நானும் கையைக் கட்டிக்கொண்டு, "இனி இவிடெ ஒப்பிடணம்" என்று பக்தியாகச் சொன்னேன். அது கையெழுத்துப் போடச் சொன்னது. சபையே சிரித்தது. தலைவர்கூடக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

என் நாற்காலி ஓரத்தில் இருந்தது. எல்லோரும் எழுந்தால் எழுவேன், உட்கார்ந்தால் உட்காருவேன். பேச்சு பாதி இங்கிலீஷில் போகும். கோபம் வந்தால் மலையாளத்துக்கு மாறும். வக்கீல் எனக்கு முன் வரிசை. சில சமயம் பாதி திரும்பி, "இப்போ எழுந்திருக்கப்படாது, இது அடுத்ததுக்காக்கும்" என்பார். அடுத்தது எது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் அது முடிந்துபோயிருக்கும்.

மருத்துவச்சியைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தேன். அதிகாரி எழுந்து, அது "பரிகணனயிலாணு" என்று சொல்லி உட்கார்ந்தார். எனக்குப் பரிகாரம் என்று காதில் விழுந்தது. ஊருக்குத் திரும்பி, சித்திரைக்குள் மருத்துவச்சி வந்துவிடுவாள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். யோசனையில் இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருஷம் கழித்து மருத்துவச்சி வந்தாள். எங்கள் ஊருக்கு அல்ல, ஆற்றுக்கு அப்பால் ஓர் ஊருக்கு. அதற்கும் பெண்கள் எனக்கு வெற்றிலை பாக்கு வைத்து நன்றி சொன்னார்கள். வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று முழித்தேன். வாங்கிக்கொண்டேன்.

இதெல்லாம் சிரித்துவிடக்கூடிய விஷயம். இனி சொல்லப்போவது அப்படி இல்லை.

எங்கள் பூமி எங்களுக்குச் சொந்தம் அல்ல. மேற்கே இருந்த ஒரு பெரிய மிராசுதாருடையது, மலையாளத்தில் ஜன்மி என்பார்கள்; நாங்கள் அவரிடம் முன்பணம் கட்டிக் காணம் என்கிற குத்தகைக்கு எடுத்து மூன்று தலைமுறையாகப் பயிர் செய்தோம். அதில் வடக்கே இருந்த மேட்டுக்காட்டை எங்களிடம் வாரத்துக்கு வாங்கி ஒரு குடும்பம் உழுதது. அந்த வீட்டுப் பெண்ணை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எங்களுக்குத் தூரத்துப் பங்காளி முறை, ஆனால் கஷ்டப்பட்டவர்கள். நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷம் எனக்குக் கம்பு குத்தவும், மாட்டுக்கு மருந்து புகட்டவும் அவர்தான் கூட நின்றார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். என்னை அம்மிணி என்பார். மனுவில் முதல் ரேகை அவருடையது.

சட்டசபையில் குடியானவர்களுக்கான மசோதா ஒன்று வந்தது. ஜன்மி நினைத்தபோது குடியை நிலத்திலிருந்து இறக்கிவிட முடியாது என்பது அதன் சாரம். எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல சேதி. அதோடு, எங்களுக்குக் கீழே உழுகிற கீழ்க்குடிகளையும் அதில் சேர்க்க வேண்டும் என்று ஒரு மெம்பர் கேட்டிருந்தார். வக்கீல் எனக்கு இதைப் பொறுமையாக விளக்கியபோது, முதல் தடவையாகச் சபையில் நடக்கிற ஒன்று எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஊருக்கு வந்து, சோறு போடும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்ப மேட்டுக்காட்டுல இருக்கறவங்களையும் எறக்க முடியாதா?"

"முடியாதுங்க. சட்டம் வந்துதுன்னா அவுங்களுக்கும் பாத்தியதை."

"எப்ப வருது?"

"அடுத்த கூட்டத்துல."

இன்னும் நிறையக் கேட்டார். எழுத்துமூலம் சீட்டு இருக்க வேண்டுமா, எத்தனை வருஷம் உழுதிருக்க வேண்டும், நடுவில் விட்டுப்போனவர்களுக்கு என்ன. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை அடுத்த தடவை வக்கீலிடம் கேட்டு வந்து சொன்னேன். என் சட்டசபை வேலையைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நிறைந்துதான் போயிற்று.

அடுத்த கூட்டத்துக்குக் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால், அக்கா எங்கள் களத்துக்கு வந்தார். வேலியோரம் நின்றுகொண்டு, உள்ளே வராமல், "எப்பங்க அம்மிணி எர்ணாகுளம் போறீங்க?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கெழம போறனுங்க அக்கா. ஒண்ணும் பயப்படாதீங்க. உங்களுக்கும் சேத்துத்தான் சட்டம் வருது. உங்களை ஆரும் அசைக்க முடியாது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கையிலிருந்த அவரைக்காயை வேலிமேல் வைத்துவிட்டுப் போனார். சட்டம் என்றதும் அவருக்கு விளங்கவில்லை போலும், திரும்பி வந்து நிதானமாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டெடுப்பு நடந்த அன்று காலையிலிருந்து ஒரே கூச்சல். ஜன்மிகள் பக்கம் ஒருவர் எழுந்து ஏதோ சொன்னார். மூன்று பேர் ஒரே நேரத்தில் மறுத்தார்கள். தலைவர் மணியடித்தார். பிறகு இங்கிலீஷில் வேகமாக ஒன்றை வாசித்தார். அதில் கீழ்க்குடி என்ற வார்த்தை மட்டும் மலையாளத்தில் வந்தது. ஆதரிக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். வக்கீல் அப்போது யாருக்கோ பதில் சொல்லத் திரும்பியிருந்தார். கீழ்க்குடிக்கு ஆதரவு என்று நான் உடனே எழுந்தேன். எல்லோருக்கும் முன்னால் எழுந்தேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றதுகூட நினைவிருக்கிறது.

என் வரிசையில் வேறு யாரும் நிற்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஜன்மிகள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் சேர்ந்து ஆதரிக்கிறார்களே, எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். எண்ணினார்கள். உட்காரச் சொன்னார்கள். வக்கீல் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில்தான் ஏதோ தப்பு என்று பட்டது.

வெளியே வராந்தாவில் கேட்டேன். "என்னங்க ஆச்சு?"

"அந்த வார்த்தையை எடுத்துக் களையணும்னாக்கும் தீர்மானம். கீழ்க்குடி வேண்டாங்கிறவா எழுந்து நிக்கணும். நீங்க வேண்டாம்னு நின்னுட்டேள்."

"நான் வேணும்னுதானுங்க நின்னேன்."

"எனக்குத் தெரியறது. புஸ்தகத்துல எழுதறவனுக்கு அது தெரியாதே."

மாற்றி எழுதச் சொல்ல முடியாதா என்று கேட்டேன். முடியாது என்றார். மிகக் குறைந்த வித்தியாசத்தில்தான் அந்த வார்த்தை விழுந்தது. என் ஒரு ஓட்டு மறுபக்கம் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவரிடம் மூன்று விதமாகக் கேட்டேன். மூன்று விதமாகப் பதில் சொன்னார். அவர் என்னை ஆறுதல்படுத்தினாரா, உண்மையைச் சொன்னாரா என்று பிரித்தறிய முடியவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது மேட்டுக்காட்டு வீடு பூட்டிக் கிடந்தது. கோழிக்கூடு காலி. காட்டில் எங்கள் ஆட்களே உழுதுகொண்டிருந்தார்கள்.

"மலைக்குப் போயிட்டாங்க" என்றார் என் கணவர். "பள்ளிவாசப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு. அங்க கூலி தேவலையாமா."

"எப்பங்க போனாங்க?"

"நீ போனதுக்கப்பறம்."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஓட்டுச் சேதி பேப்பரில் வந்திருக்கும், நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று யாராவது வாசித்துச் சொல்லியிருப்பார்கள், இனி இங்கே நமக்கு இடமில்லை என்று போய்விட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அது பொருந்தாது என்று தெரிந்திருக்கும். கேட்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் இருந்ததை, என் தப்பைச் சொல்லிக் காட்டக்கூடாது என்ற நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

சட்டம் வந்தது. எங்கள் காணம் உறுதியாயிற்று. ஜன்மியின் காரியஸ்தர் வீட்டுக்கு வருவது நின்றது.

என் அரசியல் வாழ்க்கை அதற்குப் பிறகுதான் நன்றாக நடந்தது. எனக்கே அது விளங்கவில்லை. பயத்தில், எந்தத் தீர்மானம் வந்தாலும் எழுந்து, "இன்னொரு தடவை வாசிக்கணும், தமிழிலும் சொல்லணும்" என்று தமிழிலேயே கேட்க ஆரம்பித்தேன். முதலில் முறைத்தார்கள். பிறகு தலைவர் அனுமதித்தார். நான் கேட்ட பிறகுதான் தங்களுக்கும் புரிந்தது என்று மலையாளத்து மெம்பர்களே இரண்டு பேர் ரகசியமாகச் சொன்னார்கள். ஜாக்கிரதையான ஸ்திரீ என்று பெயர் வந்தது. மறுபடியும் நியமித்தார்கள். பள்ளிக்கூடக் கமிட்டியில் போட்டார்கள். எல்லைப் பக்கத்துப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் வாத்தியாரம்மாக்கள் வந்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. சித்தூரில் ஒரு கூட்டத்தில் எனக்கு மாலை போட்டு, ஏழைக் குடியானவர்களின் தாய் என்று ஒருவர் பேசினார். மாலையைக் கழற்றலாமா, கழற்றினால் கர்வம் என்பார்களா என்று தெரியாமல் ரயில் வரை அதைப் போட்டுக்கொண்டே போனேன்.

ஆறு வருஷம் கழித்து, உடுமலைப்பேட்டையில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். கல்யாணம் முடிந்ததும், சாமான் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற லாரி ஒன்றில் முன்பக்கம் இடம் கேட்டு ஏறிவிட்டேன். அந்த மலை திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே நான் மெம்பரும் இல்லை, ஒன்றும் இல்லை. பள்ளிவாசல் பக்கம் அப்போது மின்சார வேலை நடந்துகொண்டிருந்தது. சரிவெல்லாம் இரும்புக் குழாய்கள். விசாரித்து விசாரித்து, மதுரை, திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு நடுவே அக்காவின் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். இடுப்பில் சாக்கு, தலையில் கம்பளி. என்னை அடையாளம் தெரிந்ததும், "வாங்க அம்மிணி" என்றார். ஊரில் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். காப்பி போட்டுக் கொடுத்தார்.

நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தேன். "அக்கா, அந்த ஓட்டை நான் மாத்திப் போட்டுட்டனுங்க. வேணும்னு செய்யலீங்க. பாசை விளங்கலீங்க. எம்பட தப்புனாலதான நீங்க ஊரை உட்டு வந்தீங்க."

"எந்த ஓட்டுங்க?"

சொன்னேன். சட்டம், வார்த்தை, நான் எழுந்து நின்றது எல்லாம் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கும் எங்களுக்கும் என்னங்க? நீங்க எர்ணாகுளம் போறதுக்கு ஒரு மாசம் முன்னாலயே சொல்லிப்போட்டாருங்களே."

"ஆருங்க?"

"உங்கூட்டுக்காரருதானுங்க. புதுசா ஒரு சட்டம் வருதாமா, வந்துட்டா உங்களை எறக்க முடியாதாமா, அதுக்கு முன்னால நீங்களாப் போயிருங்கன்னாரு. அம்மிணி ஊர்ல இல்லாத நாளாப் பாத்துப் போங்கன்னாரு. உங்களுக்கு நேராப் போனா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு சொல்றாருன்னு நாங்க நெனச்சோமுங்க."

"எனக்குத் தெரியாதுங்க அக்கா."

"அன்னைக்கு வேலிகிட்ட, உங்களை ஆரும் அசைக்க முடியாதுன்னு சொன்னீங்க பாருங்க. மூட்டையெல்லாம் கட்டி வெச்சுட்டு, சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க. நீங்க அப்புடிச் சொன்னதும் எனக்கு ஒண்ணுமே பிரியலீங்க. எகத்தாளம் பேசற ஆளில்லியே அம்மிணின்னு இங்க வந்தும் நெம்ப நாளு யோசிச்சனுங்க." சற்று நிறுத்தி, "இப்பத்தான் தெரியுது" என்றார்.

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கோபமாகவும் பேசவில்லை. இரண்டாவது மகளுக்குக் கண்ணில் கோளாறு, பெரிய மகன் குழாய் வேலைக்குப் போகிறான் என்று சொன்னார். ஊருக்குத் திரும்ப வருகிறீர்களா, காட்டைத் திருப்பித் தரச் சொல்கிறேன் என்றேன். "அங்க வந்து மறுபடி ஆருகிட்டங்க நிக்கறது?" என்றார். லாரிக்காரர் சத்தம் கொடுத்தார். கிளம்பிவிட்டேன்.

வீட்டில் என் கணவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"நீதான புள்ள சொன்ன, சட்டம் வந்தா எறக்க முடியாதுன்னு."

"நான் சந்தோசமாத்தானுங்க சொன்னேன்."

"எங்கப்பன் கல்லுப் பொறுக்கிச் சீர் பண்ணுன காடு. அதை உட்டுப்போட்டு நிக்கச் சொல்றியா? ஊர்ல எல்லாருந்தான் எறக்குனாங்க. உன்னைக் கேட்டுத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டாங்க."

கடைசி வாக்கியத்தை அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அது உண்மை. அந்த மாசங்களில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து, "சட்டம் எப்புடிங்க அம்மிணி?" என்று கேட்டார்கள். என் வாழ்நாளில் ஆண்பிள்ளைகள் அத்தனை பேர் என்னிடம் மரியாதையாக ஒன்றைக் கேட்டு, நான் சொல்வதை முழுசாகக் கேட்டது அப்போதுதான். எத்தனை வீடுகள் பூட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கலாம் என்று இரண்டு தடவை கிளம்பினேன். இரண்டு தடவையும் பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

தப்பான பக்கம் எழுந்து நின்றதற்காக ஆறு வருஷம் வெந்துகொண்டிருந்தேன். சரியான பக்கம் நின்று, அந்த வார்த்தை சட்டத்தில் ஏறியிருந்தாலும் அக்காவுக்கு அது உதவியிருக்காது. அப்படியானால் என் தப்பு எது? வீட்டில் சொன்னதா? சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா? புருஷனிடம் மறைக்க வேண்டிய சட்டத்தை எப்படி ஊருக்காகப் போட முடியும்? வக்கீலிடம் இதைக் கேட்டேன். தன் வீட்டிலும் அந்த வருஷம் இரண்டு குடிகளை இறக்கியதாகவும், மசோதாவைத் தானேதான் வீட்டில் வாசித்துக் காட்டியதாகவும் அவர் சொன்னார்.

மிச்சமிருந்த தெற்குக்காட்டுக் குடிக்கு எழுத்துச் சீட்டு கொடுக்கச் சொல்லி என் கணவரிடம் ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன். கொடுத்தார். அக்காவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கு மகன் பதில் எழுதினான். எல்லோரும் சௌக்கியம், அம்மா உங்களைக் கேட்டதாகச் சொன்னார்கள் என்று இருந்தது. இன்னொன்றுக்குப் பதில் இல்லை.

மூன்றாம் தடவை நியமன உத்தரவு வந்தபோது, வேண்டாம் என்று எழுதிவிடப் பேனாவை எடுத்தேன். என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வா புள்ள" என்றார். "நீயும் போகாட்டி அங்க ஆரு இருக்காங்க நம்ம பாசையில கேக்கறதுக்கு?"

அவர் மனசு வருந்தித்தான் சொன்னாரா, அடுத்து வரும் சட்டத்தையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் சொன்னாரா? அவர் முகத்தில் இரண்டும் இருந்தாற்போல் இருந்தது. நான் போனேன். அந்தத் தடவை முழுக்கச் சபையில் நடந்த எதையும் வீட்டில் வாய் திறந்து சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சோறு போடும்போது மழையைப் பற்றிப் பேசிக்கொண்டோம்.